வாசகர் கேள்விகள்: ‘சிறியேன்’ என்று ஒப்பமிட்ட எபிரேய நூல்கள்

பழைய நூல் சேகரிப்புக்கான இந்தப் பகுதியில், எருசலேமின் பழைய புத்தகக் கடைகளில் ஆசிரியர் கையொப்பத்தோடு கிடைக்கும் எபிரேய நூல்களைப் பற்றிச் சென்ற இதழில் ஒரே ஒரு பத்தி எழுதியிருந்தேன். தல்மூத் (யூதச் சட்ட விவாதங்களின் பழந்தொகுப்பு), மித்ராஷ் (வேத நூலுக்கான பழைய விளக்கங்கள்), யூதச் சட்டம் ஆகியவற்றை ஆராய்ந்து ரப்பிகள் என்ற யூத மதகுருமாரும் பேராசிரியர்களும் எபிரேயத்தில் எழுதிய நூல்களின் முதற்பதிப்புகள் அவை. அந்த ஒரு பத்திக்கு வந்த கடிதங்கள் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தன. இந்த இதழில் முழுப் பகுதியையும் அவற்றுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: எருசலேமில் ஆய்வுப் பணியில் இருக்கிறேன். ஓராண்டாக எபிரேயம் படிக்கிறேன். அச்செழுத்தைத் தடுமாறாமல் வாசிப்பேன். ஆசிரியர் கையொப்பமுள்ள முதற்பதிப்புகளைச் சேர்க்க ஆசை. ஏலப் பட்டியல்களின் விலையைப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்கலாம்? (எருசலேம் வாசகர்)

ஏலப் பட்டியல்களைச் சிறிது காலம் ஒதுக்கி வையுங்கள். அவற்றில் செய்தியாகிறவை வேறு வகை நூல்கள். 2015 டிசம்பரில் நியூயார்க்கில் சதபீஸ் ஏலத்தில் தல்மூதின் இரு தொகுப்புகளில் ஒன்றான பாபிலோனியத் தல்மூத் 93 லட்சம் டாலருக்கு விலைபோனது. ஆன்ட்வெர்ப்பிலிருந்து வெனிசுக்கு வந்து அச்சுத்தொழில் நடத்திய தானியேல் பொம்பெர்க் என்ற கிறித்தவர் 1520க்கும் 1523க்கும் இடையில் வெளியிட்ட முதல் முழுப் பதிப்பு அது. அவர் அச்சிட்ட தாள் எண்களையே தல்மூத் படிப்பவர்கள் இன்றும் மேற்கோளுக்குப் பயன்படுத்துகிறார்கள். பெருமைக்குரிய நூல்தான், ஆனால் தல்மூதுக்கு ஒப்பமிட ஆசிரியர் என்று ஒருவர் கிடையாது. நீங்கள் தேடுவது, எழுதியவர் வாழ்ந்த காலத்திலேயே, அச்சகத்திலிருந்து வந்த நூற்கட்டிலிருந்து ஒரு பிரதியை எடுத்துத் தம் கையால் எழுதி மற்றொருவருக்குக் கொடுத்த நூல். அத்தகையவை பெரும்பாலும் 19, 20ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை.

என்னைக் கேட்டால், 1930க்கும் 1970க்கும் இடைப்பட்ட எருசலேம், நியூயார்க் வெளியீடுகளிலிருந்து தொடங்குங்கள் என்பேன். மற்றொரு தொகுப்பான எருசலேம் தல்மூதுக்கு லூயிஸ் கின்ஸ்பெர்க் எழுதிய விரிவுரை நியூயார்க்கில் 1941இல் வெளிவரத் தொடங்கியது. தல்மூதுக்கு அடிப்படையான சட்டத் தொகுப்பு மிஷ்னா; யாக்கோவ் நாஹூம் எப்ஸ்டைன் அதன் பாட வரலாற்றை ஆராய்ந்து எழுதிய பெருநூல், எருசலேம் முற்றுகைக்கு ஆளான 1948ஆம் ஆண்டில் அந்த நகரத்திலேயே வெளிவந்தது. மிஷ்னாவுக்குத் துணையான தொசெப்தா என்ற சட்டத் தொகுப்புக்குச் சவுல் லீபெர்மான் எழுதிய பேருரையின் முதல் தொகுதிகள் 1955இல் நியூயார்க்கில் வந்தன. அதே 1955இல், இடைக்காலத் தல்மூத் உரையாசிரியர்களைப் பற்றி எப்ராயீம் உர்பாக் எழுதிய ‘பாலே ஹ-தொசாஃபோத்’ எருசலேமில் வெளியானது. ரப்பிகளின் பக்கம் சென்றால், ஒவாதியா யோசெபின் ‘யபியா ஓமெர்’ முதல் தொகுதி 1954இலும், மோஷே ஃபைன்ஸ்டைனின் ‘இக்ரோத் மோஷே’ முதல் தொகுதி 1959இலும் வந்தன.

கடைசியாகச் சொன்ன இரண்டும் ‘ஷெஎலோத் உ-தெஷுவோத்’ என்ற வகையைச் சேர்ந்தவை. சொல்லுக்குச் சொல் ‘கேள்விகளும் மறுமொழிகளும்’ என்று பொருள். ஓர் ஊரில் சட்டச் சிக்கல் ஒன்று எழும். உள்ளூர் ரப்பி அதைக் கடிதமாக எழுதி மூத்த அறிஞர் ஒருவரிடம் கேட்பார். மூத்தவர் ஆதாரங்களை அடுக்கி மறுமொழி அனுப்புவார். பின்னாளில் அந்த மறுமொழிகள் நூலாகும். கேள்வி கேட்டவர்களுக்கே அந்த நூலின் பிரதியை ஆசிரியர் அனுப்பிவைப்பதும் உண்டு. அப்படி ஒரு பிரதி கிடைத்தால், நூலின் உள்ளே யாருடைய பெயருக்கு மறுமொழி எழுதப்பட்டிருக்கிறதோ அவருடைய பெயரே முன்தாளிலும் ஆசிரியரின் கையெழுத்தில் இருக்கும். இந்தத் துறையில் இதைவிடச் சிறந்த பிரதி இருக்க முடியாது என்பது என் எண்ணம்.

என்னிடம் உள்ள ஒன்றைச் சொல்கிறேன். 1930களில் வார்சாவில் அச்சான, அதிகம் அறியப்படாத ஒரு சிற்றூர் ரப்பியின் மறுமொழித் தொகுப்பு. முன்தாளில் நான்கு வரிகள். மை கறுப்பாக இருந்து பழுப்பாகிவிட்டது. மேலே பெறுபவரின் பெயர், அடைமொழிகளோடு. கீழே ‘மெஎத் ஹ-மெஹபேர்’, அதாவது ‘ஆசிரியரிடமிருந்து’. ஓரத்தில் ஊதா நிறத்தில் ஊர்ப் பெயரோடு ரப்பியின் முத்திரை. பெற்றுக்கொண்டவர் நூலைப் படித்திருக்கிறார் என்பதற்குச் சான்று பக்கந்தோறும் கிடக்கிறது. தமக்கு எழுதப்பட்ட மறுமொழியை அடைந்ததும், அதன் ஓரத்தில் பென்சிலால் பொடி எழுத்தில் ஏழு வரி மறுப்பு எழுதியிருக்கிறார். கொடுத்தவருக்கும் பெற்றவருக்கும் இடையே நடந்த விவாதத்தின் கடைசிச் சொல் அந்த ஓரத்தில் இருக்கிறது. அச்சான வேறு எந்தப் பிரதியிலும் அது இல்லை. இதற்கு நான் கொடுத்த விலை, ஒரு புதிய அகராதியின் விலையைவிடக் குறைவு.

ஆகவே புகழ்பெற்ற பெயர்களைத் துரத்தாதீர்கள். அறிஞர் அறிஞருக்குக் கொடுத்தது, ஆசிரியர் மாணவருக்குக் கொடுத்தது, மறுப்பு எழுதியவருக்கே அனுப்பியது ஆகியவற்றைத் தேடுங்கள். இந்த மரபில் நூலைக் கொடுப்பது விவாதத்துக்கு அழைப்பதாகும். யார் யாருக்குக் கொடுத்தார் என்பதைத் தொடர்ந்து சேர்த்தால், பத்தாண்டுகளில் உங்கள் அலமாரி ஓர் அறிவுக் குடும்பத்தின் வரலாற்றைக் காட்டும்.

கடைக்குச் செல்லும்போது இரண்டு செய்திகளை நினைவில் வையுங்கள். எபிரேய நூல் வலமிருந்து இடமாகத் திறப்பது. நமக்குக் கடைசி அட்டையாகத் தோன்றுவதுதான் முதல் அட்டை. இணையத்தில் விற்கும் சிலர் இதை அறியாமல் மறுமுனையைப் படமெடுத்துப் போட்டு ‘கையெழுத்து எதுவும் இல்லை’ என்று எழுதுகிறார்கள். மறுமுனையின் படத்தைக் கேட்டு வாங்குங்கள். அடுத்து, இந்த நூல்களைத் தரையில் வைக்காதீர்கள், கவிழ்த்தும் வைக்காதீர்கள். கீழே விழுந்த நூலை எடுத்து முத்தமிடுகிற மக்கள் யூதர்கள். கடவுளின் பெயர் உள்ள நூல் பயன்படாத நிலைக்கு வந்தால் அதை எறிய மாட்டார்கள். கெனிசா என்ற ஒதுக்கிடத்தில் சேர்த்து, பிறகு மண்ணில் புதைப்பார்கள். நீங்கள் நூலைக் கையாளும் விதத்தைப் பார்த்தே கடைக்காரர் உள்ளறையிலிருந்து அடுத்த நூலை எடுத்துவருவார்.

கேள்வி: பழைய எபிரேய நூல்களின் தலைப்புப் பக்கத்தில் ஆண்டே இல்லையே? முதற்பதிப்பு என்று எப்படி அறிவது? (சென்னை வாசகர்)

ஆண்டு இருக்கிறது, எழுத்துகளுக்குள் மறைந்திருக்கிறது. எபிரேய எழுத்து ஒவ்வொன்றுக்கும் எண் மதிப்பு உண்டு. தமிழிலும் க, உ, ங என எண்களை எழுத்தால் குறித்த பழக்கம் இருந்ததால் இது நமக்கு அந்நியமானதன்று. தலைப்புப் பக்கத்தின் அடியில் தாவ், ரேஷ், மேம், தாலேத் என்ற நான்கு எழுத்துகள் இருப்பதாகக் கொள்வோம். அவற்றின் மதிப்பு முறையே 400, 200, 40, 4, கூட்டினால் 644. யூதர்கள் உலகப் படைப்பிலிருந்து ஆண்டைக் கணக்கிடுகிறார்கள். அந்தக் கணக்கில் ஐயாயிரத்தை விட்டுவிட்டு எஞ்சியதை மட்டும் எழுதுவது ‘சிறு கணக்கு’ எனப்படும். அந்த எண்ணோடு 1240ஐக் கூட்டினால் நம் ஆண்டு கிடைக்கும்: 1884. யூத ஆண்டு இலையுதிர் காலத்தில் தொடங்குவதால், 644 என்பது 1883 அக்டோபர் முதல் 1884 செப்டம்பர் வரையிலான காலம். ஆகவே சில நூலகங்கள் 1883 என்றும் சில 1884 என்றும் ஒரே நூலைக் குறிப்பதைக் கண்டு இரு பதிப்புகள் என்று எண்ணிவிடாதீர்கள்.

அச்சகர்கள் இதோடு நிற்கவில்லை. வேத வசனம் ஒன்றைத் தலைப்புப் பக்கத்தில் அச்சிட்டு, அதில் சில எழுத்துகளை மட்டும் பெரிதாக்கியோ அவற்றின் மேல் புள்ளி வைத்தோ காட்டுவார்கள். அந்த எழுத்துகளை மட்டும் கூட்ட வேண்டும். புள்ளி தேய்ந்துபோன பிரதியில் இது வேதனை தரும் வேலை; நூலக அட்டவணையோடு ஒப்பிடுவது நல்லது. இஸ்ரேலின் தேசிய நூலகத்தின் அட்டவணையை வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஹீப்ரூபுக்ஸ் என்ற தளத்தில் பல்லாயிரம் நூல்களின் முழுப் படிமங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் கையிலுள்ள தலைப்புப் பக்கத்தை அதோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள்.

மிகப் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஐரோப்பாவின் யூத அச்சகங்களும் நூலகங்களும் இரண்டாம் உலகப்போரில் அழிந்தபின், எஞ்சிய பிரதிகளைப் படமெடுத்து ஆப்செட் முறையில் நியூயார்க்கிலும் எருசலேமிலும் மறுபடி அச்சிட்டார்கள். படிக்க நூல் வேண்டும் என்ற அவசரத்தில் செய்த அரும்பணி அது. ஆனால் பழைய தலைப்புப் பக்கமும் அப்படியே படமாக வந்துவிட்டதால், 1950களின் பிரதி ‘வில்னா’ (இன்றைய லித்துவேனியாவின் வில்னியஸ்) என்றும் 19ஆம் நூற்றாண்டு என்றும் சொல்லிக்கொண்டு நிற்கும். பக்கத்தின் பின்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். பழைய அச்சாக இருந்தால் உலோக அச்செழுத்து தாளில் பதிந்த தடம் தட்டுப்படும். ஆப்செட் பிரதியில் தாள் வழவழப்பாக இருக்கும், எழுத்தின் விளிம்பு சற்று மங்கியிருக்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதற்பதிப்பு எப்போதும் சிறந்த பதிப்பு ஆகாது. மேலே சொன்ன உர்பாக் நூலை ஆசிரியரே விரிவாகத் திருத்தி 1980இல் இரு தொகுதிகளாக வெளியிட்டார். ஆய்வாளர்கள் மேற்கோள் காட்டுவது அதைத்தான். படிக்க அதை வாங்குங்கள்; 1955ஆம் ஆண்டுப் பிரதி அலமாரியில் இருக்கட்டும்.

கேள்வி: ஹாஃபெத்ஸ் ஹயீம் கையொப்பமிட்ட முதற்பதிப்பு ஒன்றை ஒருவர் விற்க முன்வந்திருக்கிறார். கையொப்பம் உண்மையானதா என்று எப்படிச் சோதிப்பது? (சிங்கப்பூர் வாசகர்)

ராதின் என்ற சிற்றூரில் வாழ்ந்த ரப்பி இஸ்ராயேல் மெயிர் ககானைத்தான் (1838–1933) அவர் எழுதிய நூலின் பெயரால் ‘ஹாஃபெத்ஸ் ஹயீம்’ என்று உலகம் அழைக்கிறது. புறங்கூறுதலைத் தடுக்கும் சட்டங்களைத் தொகுத்த அந்த நூல் 1873இல் வில்னாவில் வெளிவந்தபோது தலைப்புப் பக்கத்தில் ஆசிரியர் பெயரே இல்லை. அதேபோல் ‘ஹஸோன் இஷ்’ என்று அழைக்கப்பட்ட ரப்பி அவ்ரஹாம் யெஷாயா கரெலிட்ஸின் முதல் நூலும் 1911இல் பெயரின்றியே வந்தது. தம் பெயரை அச்சிலேயே மறைத்த ஒருவர், தலைப்புப் பக்கத்தின் நடுவில் பெரிதாக ஒப்பமிட்டிருப்பதாக உங்களிடம் சொன்னால், அந்த ஒரு காரணத்துக்காகவே நிதானியுங்கள். இக்காலத்து எழுத்தாளர்களைப் போல வாசகர்களுக்காக வரிசையில் ஒப்பமிட்டுத் தரும் வழக்கம் அவர்களிடம் இருந்ததில்லை.

ரப்பியின் ஒப்பத்துக்கென ஒரு நடை உண்டு. பெயருக்கு முன் ‘ஹ-கத்தான்’ என்று எழுதுவார்கள். ‘சிறியேன்’ என்று பொருள். நம் பழைய கடிதங்களில் ‘அடியேன்’ வருகிறதே, அதே பணிவு. ஸ்பானிய வழி யூத மரபினர் பெயருக்குப் பின் சாமெக், தேத் என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்ப்பார்கள். அவர்களுடைய ஒப்பம் கொடி பின்னியது போல் சுழன்று கிடக்கும். கிழக்கு ஐரோப்பியரின் கை வேறு; எழுத்துகள் தனித்தனியாக, உருண்டு, சாய்ந்திருக்கும். அச்செழுத்து மட்டும் அறிந்தவருக்கு இவை புரியா. ஆகவே கையெழுத்து எபிரேயத்தைக் கற்றுக்கொள்ளும் வரை பெரிய தொகை எதையும் கொடுக்காதீர்கள்.

பெயர்களோடு வரும் குறுக்கங்களைக் கவனியுங்கள். உயிரோடு இருக்கும் பெரியவர் பெயருக்குப் பின் ‘ஷ்லீத்தா’ என்று நீள் வாழ்வு வேண்டும் குறுக்கம் வரும். மறைந்தவருக்கு ‘ஸத்ஸல்’ வரும். ஆசிரியர் கைப்பட எழுதியதாகச் சொல்லப்படும் குறிப்பில், ஆசிரியர் பெயருக்குப் பின்னாலேயே ‘ஸத்ஸல்’ இருந்ததை ஒருமுறை பார்த்தேன். மோசடி என்று உடனே முடிவுகட்டவும் கூடாது. ‘இதை என் ஆசான் எனக்குத் தந்தார்’ என்று மாணவர் பிற்காலத்தில் எழுதிவைத்த நினைவுக்குறிப்பாக அது இருக்கலாம். அது உண்மையான, மதிப்புள்ள குறிப்புதான், ஆனால் ஆசிரியரின் கையொப்பம் அன்று.

பின் முத்திரை. ரப்பர் முத்திரையைக் கையொப்பமாக எண்ணி விலை சொல்பவர்கள் உண்டு. 19ஆம் நூற்றாண்டு நூல்கள் சிலவற்றில், ‘என் முத்திரை இல்லாத பிரதி களவுப் பிரதி’ என்று ஆசிரியரே அச்சிட்டு எச்சரித்திருப்பார். அவ்வகையில் எல்லாப் பிரதியிலும் முத்திரை இருந்தாக வேண்டும். அதற்குத் தனி விலை தேவையில்லை. நூலின் தொடக்கத்தில் பிற ரப்பிகளின் ‘ஹஸ்காமா’ என்ற ஒப்புதல் கடிதங்களும், அவற்றின் அடியில் பெயர்களும் இருக்கும். நம் பழைய நூல்களின் சிறப்புப்பாயிரம் இருக்கும் இடத்தில் இருப்பவை இவை. மூன்று ரப்பிகளின் ஒப்புதல் இன்றிப் புதிய நூலை அச்சிடலாகாது என்று 1554இல் இத்தாலியின் ஃபெராரா நகரில் கூடிய யூதப் பிரதிநிதிகள் தீர்மானித்தார்கள். அந்தப் பெயர்கள் அச்சில் வந்தவை. அவற்றைக் காட்டி ‘ஐந்து ரப்பிகள் ஒப்பமிட்டது’ என்று யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள்.

16ஆம் நூற்றாண்டு இத்தாலிய நூலின் கடைசிப் பக்கத்தில் மையால் எழுதிய ஒப்பம் இருந்தால், அது பெரும்பாலும் தணிக்கையாளருடையது. 1553இல் ரோமிலும் வெனிசிலும் தல்மூதை எரித்தபின், எஞ்சிய எபிரேய நூல்களைத் திருச்சபை ஆட்களிடம் கொடுத்து, அவர்கள் ஏற்காத வரிகளை மையால் அடித்துத் தந்தபின் திரும்ப வாங்க வேண்டியிருந்தது. எருசலேமில் பிறந்து கிறித்தவரான தொமெனிக்கோ இரோசொலிமித்தானோவின் ஒப்பம் ஏராளமான பிரதிகளில் காணப்படுகிறது. அவர்கள் வரிகளை மூடிய மை நூற்றாண்டுகளில் வெளிறி, அடியிலிருந்த அச்சு மீண்டும் எழுந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அத்தகைய பக்கத்தைப் பார்த்த மனநிறைவை என்னால் விவரிக்க இயலவில்லை.

உங்கள் நூலைப் பொறுத்தவரை, இதுவரை யார் யாரிடம் இருந்தது என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: மட்டாஞ்சேரியில் வாங்கிய எபிரேய நூலின் முன்தாளில் மையால் சில சொற்கள் உள்ளன. ஆசிரியர் எழுதியதாக இருக்குமா? (நாகர்கோவில் வாசகர்)

நீங்கள் அனுப்பிய படத்தின்படி இல்லை. ‘பூமியும் அதின் நிறைவும் கர்த்தருடையது’ என்ற 24ஆம் சங்கீதத்தின் தொடக்கம் அது. நூலின் உடைமையாளர் தம் பெயரை எழுதுமுன், உண்மையான உடைமை யாருக்கு என்று அறிவிக்கும் வழக்கச் சொல். பெயர் அதற்கு அடுத்த வரியில் இருக்க வேண்டும். பூச்சி அரித்த பகுதியில் போய்விட்டது போலும். உங்களுடையது வழிபாட்டு நூல், ஆய்வு நூல் அன்று. ஆயினும் கொச்சி யூதர் ஒருவரின் கைபட்டது என்பதால் கவனமாக வைத்திருங்கள்.

கேள்வி: நூல்கள் நொறுங்குகின்றன. புதிதாக பைண்டிங் செய்யலாமா? (கோயம்புத்தூர் வாசகர்)

வேண்டாம். பைண்டிங் செய்பவர் முதலில் வெட்டி எறிவது முன்தாளைத்தான். கையெழுத்து இருப்பதும் அங்கேதான். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதித் தாளும், இஸ்ரேலில் 1949க்குப் பிந்தைய பங்கீட்டுக் காலத்துத் தாளும் மரக்கூழால் ஆன மட்டத் தாள்கள். பசை நாடா ஒட்டாதீர்கள். அமிலமற்ற அட்டைப் பெட்டியில் படுக்கை வாட்டில் வையுங்கள். உங்கள் குறிப்பை எழுதியே ஆக வேண்டுமானால் தனித்தாளில் பென்சிலால் எழுதி உள்ளே வையுங்கள்.

கேள்வி: ஆசிரியர் கையொப்பமுள்ள நூலொன்று வாங்கினேன். உள்ளே, போருக்கு முன் ஐரோப்பாவில் இருந்த ஒரு நூலகத்தின் முத்திரையும் இருக்கிறது. வைத்துக்கொள்ளலாமா? (யாழ்ப்பாண வாசகர்)

வந்த கடிதங்களில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். நூலகம் எரிந்த துயரத்தை அறிந்த ஊரிலிருந்து இக்கேள்வி வந்திருப்பதையும் நினைத்துக்கொள்கிறேன்.

நாஜிகள் யூத நூல்களை எரித்தது மட்டும் இல்லை. ‘யூத ஆராய்ச்சி’ என்ற பெயரில் தங்கள் நிறுவனங்களுக்காக லட்சக்கணக்கில் கொள்ளையடித்துச் சேர்த்தும் வைத்தார்கள். போர் முடிந்தபின் அமெரிக்கப் படை ஜெர்மனியின் ஆஃபன்பாக்கில் 1946இல் ஒரு கிடங்கு அமைத்து, சுமார் 30 லட்சம் நூல்களையும் ஆவணங்களையும் பிரித்து, நூலக முத்திரைகளைப் படமெடுத்து ஒப்பிட்டு, உரிய நாடுகளுக்குத் திருப்பியது. உரியவர் எவரும் உயிரோடு இல்லாத நூல்களை யூதப் பண்பாட்டு மீட்பு அமைப்பு பெற்றுக்கொண்டது. வரலாற்றாசிரியர் சாலோ பாரோன் தலைமை தாங்கிய அவ்வமைப்பில் மெய்யியலாளர் ஹன்னா அரென்ட் பணியாற்றினார். சுமார் 5 லட்சம் நூல்களை அது இஸ்ரேல், அமெரிக்கா முதலிய நாடுகளின் நூலகங்களுக்குப் பங்கிட்டது. ஒவ்வொன்றிலும் தன் பெயர்ச்சீட்டை ஒட்டியது. உங்கள் நூலில் அந்தச் சீட்டு இருந்தால், அது முறைப்படி ஒரு நூலகத்துக்குப் போனது. அந்த நூலகம் பிறகு கழித்துவிட்டதா என்பதற்கான முத்திரையைத் தேடுங்கள்.

சீட்டு இல்லாமல் பழைய முத்திரை மட்டும் இருந்தால், பல வழிகள் சாத்தியம். போருக்கு முன்பே இரட்டைப் பிரதி என்று விற்றிருக்கலாம், மாணவர் ஒருவர் தப்பி ஓடும்போது கையோடு கொண்டுவந்திருக்கலாம், திருடப்பட்டும் இருக்கலாம். விற்பவருக்கே தெரியாமல் இருக்கக்கூடும். ஆயினும் ‘தெரியாது’ என்பதோடு நாம் நின்றுவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. 1930இல் போலந்தின் லூப்ளினில் திறக்கப்பட்ட பெரிய யெஷிவாவின் (தல்மூத் கல்லூரியின்) நூல்கள் சிதறிப்போய், அதன் முத்திரையோடு இன்றும் ஒன்றிரண்டாக வெளிப்படுகின்றன. அவற்றைக் கணக்கெடுப்பவர்களுக்கு ஒவ்வொரு படமும் உதவுகிறது. உங்கள் பிரதியின் கையொப்பம் அந்த நூலகத்துக்கே ஆசிரியர் அளித்த காணிக்கை என்றால், அது இன்னும் கனமான சான்று.

முத்திரை, கையொப்பம், தலைப்புப் பக்கம் ஆகிய மூன்றையும் நல்ல வெளிச்சத்தில் அளவுகோலோடு படமெடுங்கள். முத்திரையிலுள்ள ஊர்ப் பெயரைப் படிக்க முடியாவிட்டால் எனக்கு அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன். பிறகு அந்த நூலகத்தின் வழித்தோன்றல் நிறுவனம் ஏதேனும் இருந்தால் அதற்கும், இல்லையேல் எருசலேமிலுள்ள தேசிய நூலகத்துக்கும், எங்கே எப்போது வாங்கினீர்கள் என்ற விவரத்தோடு எழுதுங்கள். பதில் வரும்வரை விற்கவோ, முத்திரையை அழிக்கவோ, அந்தத் தாளைப் பிரிக்கவோ வேண்டாம்.